பத்துப் படம், பத்துச் சொல்: கால்குலேட்டரில் ஒரு தமிழ் விளையாட்டு

கணக்குப் போடும் கால்குலேட்டரில் தமிழ் சொல்லித்தர முடியுமா என்று கேட்டால், முடியும். "செல்போன்ல ஆயிரம் ஆப் இருக்கு, இந்தக் காலத்துல போய் ஏன் சார் இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டால், அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் கால்குலேட்டரைப் பற்றி. நம்மூர் இன்ஜினியரிங் பசங்க பையில் இருக்குமே, அந்த காஸியோ சயின்டிஃபிக் இல்லை. இது கிராஃபிங் கால்குலேட்டர். சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைத் திரையிலேயே வரைந்து காட்டும். 1985-ல் காஸியோ ஆரம்பித்து வைத்தது. 1990-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் இறங்கியது. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் கணக்கு வகுப்பு என்றாலே இது என்று ஆகிப்போனது. பேசிக் மாதிரி ஒரு சின்ன மொழி இதற்குள்ளேயே இருப்பதால், அங்கே பிள்ளைகள் பின் பெஞ்சில் உட்கார்ந்து விளையாட்டு எழுதி, ஒயர் போட்டு ஒருவருக்கொருவர் கடத்திக்கொண்டார்கள். அப்படி எழுதிய ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் இன்றும் இணையத்தில் கிடக்கின்றன.

இந்தியாவில் இது பரவவில்லை. சி.பி.எஸ்.இ. கணக்குப் பரீட்சைக்குக் கால்குலேட்டரே கூடாது. ஐ.பி. டிப்ளமா படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் இது வேண்டும். மும்பையில் அந்த மாதிரி பள்ளிகள் நிறைய. அதில் படித்து முடித்த நண்பர் மகன் ஒருவனின் பழைய டி.ஐ.-84 பிளஸ், செம்பூரில் எங்கள் வீட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது.

2004-ல் வந்த மாடல். திரை 96-க்கு 64 புள்ளி. கறுப்பு வெள்ளைதான். எழுத்து என்று போட்டால் வரிக்கு 16, மொத்தம் 8 வரி. நாம் பயன்படுத்த 24 கேபி ராம். இன்று வாட்சப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படம்கூட இதைவிடப் பெரிசு :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "தமிழ் நல்லாப் புரியும், பேசத்தான் வராது." என் மகளைப் பற்றி நாங்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஏழாம் வகுப்பு. பள்ளியில் இங்கிலீஷ், பில்டிங் பிள்ளைகளோடு ஹிந்தி, மூன்றாவதாக மராத்தி. 2020-ல் வந்த சட்டப்படி மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இங்கே பிழைக்கிறோம், இந்த ஊர் பாஷை தெரியத்தான் வேண்டும். ஆனால் மூன்று நாற்காலியும் நிரம்பியபின் தமிழ் நின்றுகொண்டிருக்கிறது என்பதும் உண்மை.

பாளையங்கோட்டையில் இருந்து என் அம்மா ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "ஆச்சி தார்சாவுல உக்காந்திருக்கேன்", "பட்டாசல்ல ஃபேன் ஓடல", "புறவாசல்ல முருங்கை பூத்திருக்கு", இப்படித்தான் பேச்சு. மகள் "ம்", "ம்" என்பாள். ஒரு நாள் போனை வைத்ததும், தார்சா என்றால் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. பட்டாசல்? தெரியவில்லை. முருங்கை மட்டும் தெரிந்தது, சாம்பாரில் வருவதால். ஆக, "புரியும்" என்று நாம் சொல்லிக்கொள்வதே பாதி பொய். நாம் பேசும் நூற்றைம்பது சொல் புரிகிறது. ஆச்சி பேசும் தமிழ் புரியவில்லை. ஆச்சிக்கு வயது 78. இந்தப் பாடத்துக்கு அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிப்போட நேரம் இல்லை.

அப்போதுதான் கால்குலேட்டர் கண்ணில் பட்டது.

சொல் விளையாட்டு எழுதுவது பெரிய வித்தை இல்லை. ஒரு சொல்லைக் காட்டு, கீழே நாலு விடை காட்டு, எண்ணை அழுத்தினால் சரியா தப்பா சொல்லு. அவ்வளவுதான். எந்தச் சொல்லை எப்போது மறுபடி கேட்பது என்பதற்கும் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் எழுதிய ஜெர்மன் புத்தகத்தால் பிரபலமான பெட்டி முறை. எல்லாச் சொல்லும் முதல் பெட்டியில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பினால் திரும்ப முதல் பெட்டி. முதல் பெட்டியை அடிக்கடி கேட்க வேண்டும், கடைசிப் பெட்டியை எப்போதாவது. கால்குலேட்டரில் ஒரு லிஸ்ட் போதும்: ஒவ்வொரு சொல்லுக்கும் பெட்டி எண் ஒன்று. ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

சிக்கல் எழுத்தில்தான். கால்குலேட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழைப் போட்டால் 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்றாகிவிடும். பிள்ளை காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு எங்கே போகிறது என்றே தெரியாது! ல, ள, ழ போனால் பாதித் தமிழ் போச்சு.

சொந்தமாக எழுத்துரு செய்யலாமா? 247 எழுத்து என்று பயப்பட வேண்டாம். உயிர், மெய், கால், கொம்பு, புள்ளி என்று துண்டு துண்டாக வைத்துக்கொண்டால் நிறைய குறையும். 1978-ல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை, ளை எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டன. ஆனால் உகர, ஊகார வரிசை இன்னும் ஆளுக்கொரு வடிவம். கு, சு, து, மு... 18 மெய்க்கு 36 உருவம் தனியாக வேண்டும். தவிர, இந்த மொழியில் புள்ளி புள்ளியாக எழுத்து வரைந்தால் ஆமை வேகம். 'ணூ' வந்து முடிவதற்குள் பிள்ளை எழுந்து போய்விடும்.

மிச்சம் இருந்த வழி, படம். இந்த கால்குலேட்டர் பத்துப் படம் சேமிக்கும். பத்தே பத்து. ஒவ்வொன்றும் 756 பைட். அம்புக்குறி சாவியை அழுத்தி அழுத்தித் திரையிலேயே பேனா மாதிரி வரையும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிப் பார்த்தோம். 'ண' அழகாக வர 12 கட்ட அகலம் வேண்டும். திரையின் அகலத்துக்கு எட்டு எழுத்து. 'தார்சா'வுக்குத் தாராளம். மகள் கட்டம் நிரப்பினாள், நான் வரைந்து சேமித்தேன். கொஞ்ச நாளில் வேலை மாறியது: நான் கட்டம், அவள் கால்குலேட்டர்.

என் கருத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த 'பத்து' ஒரு குறையே இல்லை, வரம். கோடிக்கணக்கான சொல்லுக்கு இடம் இருந்தால் யாரும் சொல்லைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். பத்துக்குத்தான் இடம் என்றால், "எந்தப் பத்து?" என்று வீட்டில் பேச்சு வரும். அந்தப் பேச்சுதான் தமிழ்ப் பாடம்.

எங்கள் முதல் பத்து ஆச்சி வீட்டுச் சொற்கள். தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல், வாரியல், அம்மி, உரல், சுளகு, பரண். இதில் எத்தனை சொல்லை ஆப்பில் தருவார்கள்? துடைப்பம் தருவார்கள், வாரியல் தர மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் பொதுவான தமிழைத்தான் அவர்களால் தர முடியும். உங்கள் அம்மாவின் தமிழை நீங்கள்தான் தர வேண்டும்.

இரண்டாவது பத்து உறவு. இங்கே இங்கிலீஷ் விடை காலை வாரும். அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி நாலு பேருமே 'ஆன்ட்டி'. அதனால் கேள்வியையே உறவாகக் கேட்டோம்: அப்பாவோட அக்கா யார்? அண்ணன் பெண்டாட்டி யார்? 'மதினி' என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட வாரமே பெரியப்பா மருமகளை அப்படிக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் போனில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிப்பு.

மூன்றாவது பத்து மாட்டுங்கா மார்க்கெட். வாழைப்பூ, சேப்பங்கிழங்கு, சுண்டைக்காய், மணத்தக்காளி... விளையாட்டில் ஜெயித்த சொல்லைக் கடையில் சொல்லி வாங்கினால்தான் கடைசிப் பெட்டி. காந்தா, பட்டாட்டா என்று கேட்டால் மார்க் கிடையாது :-)

நண்பர்கள் வைத்த ஆட்சேபங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, "போன்லயே பண்ணலாமே?" பண்ணலாம். ஆனால் போனில் சொல் விளையாட்டுக்குப் பக்கத்திலேயே ரீல்ஸ் உட்கார்ந்திருக்கிறது. கால்குலேட்டரில் எதுவும் கூப்பிடாது, மின்னாது, விளம்பரம் போடாது. பத்து நிமிஷத்தில் அலுத்துப்போகும். அதுவும் நல்லதுதான்.

இரண்டு, "ஆபீஸ் போய் வந்து இதுக்கெல்லாம் நேரம் எங்க?" லோக்கலில் தொங்கிக்கொண்டு வீடு வருகிறவன்தான் நானும். ஆனால் டியூஷனுக்கும் கோடை முகாமுக்கும் பணம் கட்டுகிற நாம், பணம் கட்டித் தீராத ஒன்றுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுக்கலாம். பிள்ளைக்குத் தமிழ் ஆசை வந்தது விளையாட்டால் மட்டும் இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் எண்ணுகிறாரே, அதனாலும்தான்.

மூன்றாவது ஆட்சேபம் தாராவியில் வந்தது. 90 அடி ரோட்டுப் பக்கம் நண்பர் ஒருவர் வீட்டில் இதைக் காட்டினேன். அவர் பையன் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறான். பார்த்துவிட்டு, "இது தெரியாதா அக்காவுக்கு?" என்று சிரித்தான். நியாயம்தான். பொங்கலன்று தெருவிலேயே வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிற இடத்தில் வளர்கிறவனுக்குச் சுளகும் உரலும் பாடமே இல்லை. தெருவே அவனுக்கு அகராதி. அவனுக்கு வேண்டியது இங்கிலீஷும் மராத்தியும். புரோகிராமில் சொல்லையும் விடையையும் இடம் மாற்றினால் அதே விளையாட்டு அவனுக்கும் உதவும்; மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஃபிளாட்டுக்குக் குடியேறிய நாம் எதைத் தொலைத்தோம் என்பதையும் அந்தச் சிரிப்பு சொல்லிவிட்டது. செம்பூரில் நமக்குத் தெரு இல்லை, லிஃப்ட்தான் இருக்கிறது. செட்டா நகர் முருகன் கோயில் வாசலில் கேட்கிற தமிழைப் பில்டிங் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

விளையாட்டால் ஆகாததும் உண்டு. அது சொல்லைத் தரும், பேச்சைத் தராது. நூறு சொல் தெரிந்த பிள்ளைக்கு ஒரு வாக்கியம் வராமல் போகலாம். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: கால்குலேட்டரில் எத்தனை மார்க் வாங்கினாலும், ஞாயிற்றுக்கிழமை ஆச்சியிடம் போனில் சொல்லாத சொல் கணக்கில் சேராது. அடுத்த பத்துச் சொல்லை ஆச்சிதான் தர வேண்டும் என்பது இரண்டாவது சட்டம். இப்போது அம்மாவே போன் பண்ணி, "ஏளா, அடுத்த பத்து ரெடி, எழுதிக்கோ" என்கிறாள். முன்பு "ம்" மட்டும் கேட்ட அந்த அழைப்பு இப்போது அரை மணி நேரம் போகிறது.

உங்களிடம் கால்குலேட்டர் இல்லையென்றால் அதற்காக வாங்க வேண்டாம், விலை அதிகம். பத்து அட்டையும் மூன்று தீப்பெட்டியும் போதும். லைட்னர் முறை முதலில் அட்டையில் வந்ததுதானே. ஆனால் பத்து என்ற அளவை மட்டும் மீறாதீர்கள். ஊருக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே முதல் பத்தைக் கேளுங்கள். என்ன பத்து கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள். தஞ்சாவூர்ப் பத்தும் பாலக்காட்டுப் பத்தும் யாழ்ப்பாணத்துப் பத்தும் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது.