அலையில்லாத கடல்

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? 1974-ல் எழுப்பிய நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு ஒரு கும்பிடு போடுகிறார்கள். வெயிலைத் திட்டிக்கொண்டே திரும்பிவிடுகிறார்கள். கிழக்கே சிறிது தூரத்தில் சமுத்திரம் இருக்கிறது என்ற ஞாபகமே அவர்களுக்கு வருவதில்லை.

கரிசல் முடிந்து உப்பளங்கள் தென்படும் இடத்தில் இருக்கிறது தருவைகுளம். பரம்பரையாகக் கடலை நம்பி வாழும் ஊர். பெரிய கண் வைத்த பருவலை, சிறிய கண் வைத்த பொடிவலை என்று கரையெங்கும் வலைகள் காயும். அவற்றின் மேல் செருப்புக் காலுடன் நடப்பது, கரிசல்காட்டுக் களத்தில் காயும் கம்பின் மேல் நடப்பதற்குச் சமானம். உல்லாசப் பிரயாணிகள் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்!

சென்னை மெரீனாவில் அலையோசை கேட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். பெரும்பாலான நாட்களில் ஏதோ ஏரிக்கரையில் நிற்பது போலத் தோன்றும். இந்த அமைதிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரையில் சங்கிலி போல் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவழப் பாறைகள். பெருங்கடலின் வேகத்தையெல்லாம் அவை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத்தான் கரைக்கு அனுப்புகின்றன. மீன்கள் குஞ்சு பொரித்து வளர்வதும் அந்தப் பாறைகளின் இடுக்கில்தான். ஆகவே, ஊராரின் உலையில் அரிசி வேகிறதா இல்லையா என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது.

கோட்டையைப் பீரங்கி வைத்து இடித்தவன் வெள்ளைக்காரன். இந்தக் கடற்கோட்டையை இடித்தவர்களோ நாமேதான்! சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீட்டுச் சுவருக்குமாகப் பல்லாண்டு காலம் பவழத்தைப் பெயர்த்தோம். 1986-ல் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பெயர்ப்பு அப்பொழுதும் நிற்கவில்லை. 2001-ல் பவழத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன.

தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்தது. அதைக் காப்பாற்ற, சர்க்கார் செலவில் சிமெண்டினால் செயற்கைப் பாறைகள் வார்த்துக் கடலில் இறக்கினார்கள். பவழம் தானாக வளர்த்துக் கொடுத்ததற்கு இப்போதுதான் விலை தெரிகிறது. அந்தச் சிமெண்டுப் பாறைகளை அண்டி மீன்கள் வரத் தொடங்கியிருக்கின்றன.