விஷ வாயு போயிடுச்சு... பயம் போகலையே!

போபாலில் 1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவு. யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையில் இருந்து சுமார் 40 டன் விஷ வாயு கிளம்பியது. ஆயிரக்கணக்கானோர் பலி ஆனார்கள்.

பிழைத்தவர்களின் கண் எரிச்சலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து கொடுத்தார்கள். மனசுக்கு?

1985 பிப்ரவரியில்தான் லக்னோவில் இருந்து மனநல டாக்டர்கள் வந்தார்கள். 10 கிளினிக்குகளில் 855 நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். 193 பேருக்கு மனநோய்! ஐந்தில் ஒருவருக்கும் மேல்! அதில் பெரும்பாலோர் பெண்கள். மனச்சோர்வு, பதற்றம் என்று தவித்தார்கள்.

இத்தனை பேருக்கு மனநல டாக்டருக்கு எங்கே போவது? பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் ஒரு வழி கண்டார்கள். காய்ச்சல், இருமல் பார்க்கும் உள்ளூர் டாக்டர்களுக்கே அதே ஆண்டு பயிற்சி கொடுத்தார்கள்.

நல்ல யோசனைதான். நெஞ்சு படபடக்குது என்று வருபவரிடம், "ராத்திரி தூக்கம் வருதாம்மா? வீட்ல எல்லாரும் இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டாலே பாதி பாரம் இறங்கிடும்.

ஆலை உள்ள ஊரில் ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் இருந்தால் போதாது. இப்படிக் கேட்கத் தெரிந்த டாக்டரும் தயாரா இருக்கணும்.

விபத்துக்கு மறுநாளே! இரண்டு மாசம் கழித்து அல்ல!