சித்திர வகுப்பும் தலையெழுத்தும்

நமது பள்ளிக்கூடங்களில் சித்திர வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. வாரத்தில் ஒரு பீரியடோ இரண்டு பீரியடோ அதற்கென்று கால அட்டவணையில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த நேரத்திலே பிள்ளைகள் என்ன கற்றுக் கொண்டார்கள், அதை யார் பார்க்கிறார்கள், எதைக் கொண்டு பார்க்கிறார்கள், பார்த்த பிறகு என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்லுவார் அநேகமாய் இல்லை. வருஷ முடிவில் ஒரு மார்க்கு விழுகிறது. அந்த மார்க்கு எப்படி வந்தது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, போட்ட உபாத்தியாயரைக் கேட்டாலும், "பார்த்தேன், போட்டேன்" என்பதற்கு மேல் சொல்லுவதில்லை.

இது என்ன பெரிய விஷயம், சித்திரம்தானே என்று சிலர் நினைக்கலாம். பெரிய விஷயந்தான் என்பது நமது அபிப்பிராயம். ஏனென்றால், காரணம் சொல்ல வேண்டாத தீர்ப்பு எங்கே நடக்கிறதோ, அங்கே மூடநம்பிக்கை வந்து பாய் விரித்துப் படுத்துக் கொள்ளும்.

"இவனுக்குக் கை வரும், அவனுக்குக் கை வராது" என்கிறார்கள். "அதெல்லாம் சரஸ்வதி கடாட்சம், பிறவியிலேயே இருக்க வேண்டும்" என்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் காதில் இந்த வார்த்தை ஒரு தடவை விழுந்து விட்டால் போதும். அது பென்சிலைக் கீழே வைத்து விடும். பிறகு ஆயுசு முழுவதும், "எனக்கு ஒரு கோடு கூடப் போட வராது" என்று சொல்லிக் கொண்டே இருக்கும். நாம் கேட்கிறோம்: எழுத வராது என்று சொல்லிக் கொள்ள வெட்கப்படுகிற மனிதன், வரைய வராது என்று மட்டும் ஏன் வெட்கமில்லாமல் சொல்லுகிறான்? எழுத்து கற்றால் வரும் என்றும், சித்திரம் கொடுத்து வைத்தால்தான் வரும் என்றும் அவனுக்குச் சொல்லி வைத்திருப்பதுதான் காரணம். சரஸ்வதி பூஜையன்று பென்சிலையும் தூரிகையையும் அடுக்கி வைத்துப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம். அந்த ஒரு நாள் அவைகளைத் தொடவே கூடாது என்கிறோம். கருவியைக் கும்பிட்டவன் எவனும் கும்பிட்டதனால் கோடு போடக் கற்றுக் கொண்டதில்லை.

"கை பிறவியிலே வர வேண்டும்" என்பதற்கும், "தொழில் பிறவியிலே வர வேண்டும்" என்பதற்கும் என்ன வித்தியாசம்? 1953-ல் ராஜாஜி முதன்மந்திரியாக இருந்த காலத்தில், பிள்ளைகள் அரை நேரம் பள்ளிக்கூடத்திலும் அரை நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு நம் மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதன்மந்திரியான பின் அது கைவிடப்பட்டது. சர்க்கார் உத்தரவிலிருந்து அது போய்விட்டது. சித்திர வகுப்பிலிருந்து மட்டும் இன்னும் முழுவதும் போகவில்லை. தச்சர் வீட்டுப் பிள்ளை நன்றாக வரைந்தால் "ரத்தத்தில் இருக்கிறது" என்பதும், சேரியிலிருந்து வந்த பிள்ளை நன்றாக வரைந்தால் "யாரைப் பார்த்துக் காப்பியடித்தாய்?" என்பதும் அந்தப் புத்தியின் மிச்சமேயாகும்.

சரி, சித்திரம் என்பதுதான் என்ன? ஒரு குடத்தை எதிரே வைத்து வரையச் சொல்லுகிறோம். பிள்ளை முதலில் குடத்தின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள அளவைக் கண்ணால் எடுக்க வேண்டும். வட்டமான குடத்தின் வாய், நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து நீள்வட்டமாகத் தெரிகிறது; அது வட்டந்தானே என்று தான் அறிந்ததை வரையாமல், கண்ணுக்குத் தெரிவதை வரைய வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். காகிதத்தில் எங்கே வைத்தால் இடம் சரியாக அமையும் என்று யோசிக்க வேண்டும். பிசகினால் அழித்து மறுபடியும் போட வேண்டும். இதில் எந்த இடத்தில் தேவதை வந்து கை கொடுக்கிறாள்? பார்ப்பது, அளப்பது, யோசிப்பது, திருத்துவது என்பவைதான் இருக்கின்றன. சொல்லப் போனால், பிறர் சொன்னதை நம்பாமல் தன் கண்ணால் பார்த்ததைப் போடு என்று சொல்லுகிற பாடம் பள்ளிக்கூடத்தில் சித்திரம் ஒன்றுதான். பகுத்தறிவுக்காரர்கள் இதை அலட்சியம் செய்யலாமா?

பிறவிக் கை என்பவர்களுக்கு ஒரு பிரத்தியட்ச உதாரணம் சொல்லுகிறோம். அமெரிக்காவில் ஐடாஹோ மாகாணத்தில் பாய்சி என்ற ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் ஒரு பட்டாம்பூச்சியின் போட்டோவைப் பார்த்து வரைந்தான். முதற்படம் எல்லாக் குழந்தைகளும் போடுகிற மாதிரிப் பொம்மைப் பட்டாம்பூச்சி. மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து, சிறகு இப்படி உருண்டையாக இல்லை, கோணலாக இருக்கிறது என்று சொன்னார்கள். அவன் மறுபடியும் வரைந்தான். முதலில் உருவம், பிறகு சிறகின் கோலம், கடைசியில் வர்ணம் என்று ஒவ்வொன்றாகத் திருத்தி ஆறாவது படத்தை முடித்த போது, அது பார்ப்பவர் பிரமிக்கும்படி இருந்தது. ரான் பெர்கர் என்ற கல்வியாளர் இந்த ஆறு படங்களையும் பல ஊர்களில் உபாத்தியாயர்களுக்கும் பிள்ளைகளுக்கும் காட்டி வருகிறார். முதற்படத்தோடு நின்றிருந்தால் அந்தச் சிறுவனுக்கு நம்மூரில் என்ன மார்க்கு விழுந்திருக்கும்? "கை வராது" என்ற பட்டமுங்கூடக் கிடைத்திருக்கும். முதற்படத்துக்கும் ஆறாம் படத்துக்கும் இடையே அவன் பிறவி மாறவில்லை, பார்வைதான் மாறியது.

ஆகவே, சித்திர உபாத்தியாயர் அளக்க வேண்டியது படத்தின் அழகை மட்டுமல்ல. பிள்ளை எங்கிருந்து எதுவரை வந்திருக்கிறது என்பதையாகும். அதற்கான வழிகள் சிலவற்றை இங்கே சொல்லுகிறோம். செலவு அதிகமில்லை, மனந்தான் வேண்டும்.

முதலாவது, வரையத் தொடங்கும் முன்பே எதையெதைப் பார்த்து மார்க்கு போடப் போகிறோம் என்று கரும்பலகையில் எழுதி விட வேண்டும். குடமானால், அளவு, வாயின் வடிவம், வெளிச்சமும் நிழலும், காகிதத்தில் அமைந்த இடம், திருத்திப் பார்த்த முயற்சி என்று ஐந்தே வரி போதும். சட்டத்தைச் சொல்லாமல் தண்டனை விதிப்பது மனுதர்ம நியாயம், பள்ளிக்கூட நியாயமாகாது.

இரண்டாவது, பிள்ளை வரைந்த படங்களையெல்லாம் தேதி போட்டு ஒரு அட்டைக்குள் சேர்த்து வைக்க வேண்டும். கெட்ட படத்தைக் கிழித்தெறியக் கூடாது. ஜூன் மாதத்துப் படத்தையும் ஜனவரி மாதத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வளர்ச்சி தானே பேசும். ஒரு பிள்ளையை அடுத்த பிள்ளையோடு ஒப்பிடுவதை விட, அதன் நேற்றோடு அதை ஒப்பிடுவதே நியாயம்.

மூன்றாவது, பெயரைப் படத்தின் பின்பக்கம் எழுதச் சொல்ல வேண்டும். முகமும் ஜாதியும் தகப்பன் உத்தியோகமும் தெரியாமல் படம் மட்டும் தெரியட்டும். முக்கியமான சமயங்களில் இன்னொரு உபாத்தியாயரும் தனியாகப் பார்த்து மார்க்கு போடட்டும். இருவர் மார்க்குக்கும் வெகு தூரம் இருந்தால், இருவரும் உட்கார்ந்து காரணம் பேசட்டும்.

நாலாவது, மார்க்குக்கு முன்னால் வார்த்தை. 1988-ல் ரூத் பட்லர் என்ற அம்மையார் இஸ்ரேல் தேசத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஒரு சோதனையை வெளியிட்டார். சிலருக்கு மார்க்கு மட்டும், சிலருக்கு என்ன செய்தால் மேம்படும் என்ற குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டது. குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பினால் அந்தப் பயன் கிடைக்கவில்லை. அது சித்திர வகுப்பில் நடந்த சோதனை அல்ல. ஆனாலும் சங்கதி நமக்கும் பொருந்தும். "நிழல் இடப்பக்கம் விழுந்திருக்கிறதா, மறுபடியும் பார்" என்ற ஒரு வரி, "பத்துக்கு நாலு" என்பதை விட எவ்வளவோ மேல்.

ஐந்தாவது, சாமானுக்கு மார்க்கு போடக் கூடாது. இருபத்து நாலு வர்ணப் பெட்டி கொண்டு வந்த பிள்ளைக்கும், அரை விரல் நீளப் பென்சில் வைத்திருக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் என்றால், அது தகப்பன் பணத்தை அளக்கும் கோலேயாகும். பரீட்சைக்கு எல்லோருக்கும் ஒரே சாமான் கொடுங்கள், அடுப்புக்கரியானாலும் சரி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து வரியே ஒரு புதுச் சாஸ்திரமாகி விடக் கூடாது. நமது வகுப்புகளில் ஒரு படம் உண்டு. இரண்டு மலை, நடுவில் அரைச் சூரியன், மலையிலிருந்து ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், மேலே நாலு காக்கை. ராமநாதபுரத்துப் பொட்டலில் மலையையே பார்க்காத பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. சென்னையில் மாடி வீட்டில் இருக்கிற பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. இருவருக்கும் முழு மார்க்கு! இது சித்திரமல்ல, மந்திரம். அர்த்தம் தெரியாமல் ஒப்புவிப்பது. தன் தெருக் குழாயடியைக் கோணல் மாணலாக வரைந்த பிள்ளை இந்தச் சூரியோதயக்காரனை விட அதிகம் கற்றிருக்கிறது. அதைக் கண்டு பிடிக்கத் தெரிந்த உபாத்தியாயரே உபாத்தியாயர். "ஏன் இப்படிப் போட்டாய்?" என்று பிள்ளையைக் கேட்டு, அது சொல்லும் காரணத்துக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

"கலை ரசனைக்கு அளவுகோல் ஏது? இது தெய்வீகமானதல்லவா?" என்று சில பண்டிதர்கள் கேட்பார்கள். ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடலாம், ஒப்புக் கொள்ளுகிறோம். பிள்ளைக்குப் பிள்ளை வேகம் வேறுபடலாம். அதையும் ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் ஒரு பிள்ளை பார்த்ததா, முயன்றதா, திருத்தியதா, போன மாதத்தை விட இந்த மாதம் மேலேறியதா என்பவை கண்ணுக்குத் தெரிகிற காரியங்கள். அளக்க முடியாது என்கிற அந்தப் பண்டிதர்களே கடைசியில் மார்க்கும் போடுகிறார்களே, அது எதை அளந்து போட்ட மார்க்கு?

உபாத்தியாயர்கள் மேல் மாத்திரம் பழி போடுவது நமது நோக்கமல்ல. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட பள்ளிகளில் கலைக் கல்விக்குப் பகுதி நேரப் போதகர் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2012-ல் சித்திரம், தையல், தேகப் பயிற்சி முதலியவைகளுக்குப் பதினாறாயிரம் பேருக்கு மேல் பகுதி நேரமாக நியமிக்கப்பட்டார்கள். அன்று சம்பளம் மாதம் 5,000 ரூபாய். கலைக்கு நாம் கொடுத்த மதிப்பு அவ்வளவு! பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் சித்திரம் கிடையாது, ஆகவே பரீட்சை நெருங்கினால் சித்திர பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக் கொள்ளுகிறார், திருப்பித் தருவதில்லை. இங்கிலாந்தில் 1862-ல் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகள் தேறுவதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் என்று விதி செய்தார்கள். மற்றப் பாடங்கள் மூலைக்குப் போயின. நாமும் அதே பாதையில்தான் நடக்கிறோம். ஆனால் கட்டிடக் கலைப் படிப்புக்கான ஜே.இ.இ. தேர்வில் வரையச் சொல்லிக் கேட்கிறார்கள். பணம் கட்டித் தனி வகுப்பு போகிற வீட்டுப் பிள்ளை அங்கே வரையும். நம் பிள்ளை விழிக்கும். அதற்கும் "கை ராசி" என்று பெயர் வைத்து விடுவார்கள்.

வகுப்புக்கு நாற்பது பேர், பத்து வகுப்பு என்றால் நானூறு பிள்ளைகளை ஒருவர் எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானது. ஒரு பீரியடில் ஐந்து பிள்ளைகளை மட்டும் நன்றாகப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதினால், வாரம் ஒரு பீரியடானாலும் எட்டு வாரத்தில் வகுப்பு முழுவதும் ஆகிவிடும். மற்றவர்கள் அதற்குள் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துப் பேசிப் பழகட்டும்.

பெற்றோர்களாகிய தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். அடுத்த தடவை பள்ளிக்கூடத்துக்குப் போகும் போது, கணக்கில் எத்தனை மார்க்கு என்று கேட்பதோடு நின்று விடாதீர்கள். பிள்ளையின் சித்திர அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு முந்திய படம் எங்கே, இன்றையப் படம் எங்கே என்று கேளுங்கள். அட்டையே இல்லை என்றால், மார்க்கு எப்படி வந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கை வராது என்று எவராவது சொன்னால், எத்தனை தடவை திருத்தி வரைய விட்டீர்கள் என்று கேளுங்கள். காரணம் கேட்கிற பெற்றோர் இருக்கிற ஊரில், காரணம் சொல்லுகிற உபாத்தியாயர் தானே உண்டாவார்.