பெட்டிக்குள் இருப்பது என்ன?

 

இம்மாதம் மோட்டார் காரின் பெற்றோல் பம்பைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வீட்டிலேயே சிரித்தார்கள். "மௌலவிக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் பாடத்தைப் பல வருடங்களாக மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து வரும் நான், ஓர் உதிரிப்பாகக் கடையின் வாசலில் அந்தப் பாடம் முழுவதையும் மறந்து நின்றேன்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய டொயோட்டா கொரோலா. 'வன் டூ வன்' என்று நம் நாட்டில் சொல்வார்களே, அந்த மொடல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நம்மில் பலர் இருந்த வாகனத்தையே தட்டிக் கொட்டி ஓட்டினோம். 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள். டாங்கியின் அடியில் கிடக்கும் கடைசிச் சொட்டு வரை ஓட்டினோம். கானிலும் போத்தலிலும் சேர்த்து வைத்ததை வடிகட்டாமல் ஊற்றினோம். இது பம்புக்கு எவ்வளவு பெரிய அநியாயம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இக்காலத்துப் பெற்றோல் வாகனங்களில் பம்ப் டாங்கிக்குள்ளே பெற்றோலில் அமிழ்ந்து கிடக்கிறது. அதனைக் குளிர்விப்பதும், உராய்வு இல்லாமல் சுழல வைப்பதும் அதே பெற்றோல்தான். டாங்கி வற்றினால் பம்ப் சுடும். அடியில் தேங்கிய தூசியையும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும்.

சென்ற வருடம் எங்கள் வாகனம் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. எங்கள் கராஜ் பாஸ் ஒரு சிங்களச் சகோதரர். நிதானமான மனிதர். உடனே பம்பின் மீது பழி போடவில்லை. திறப்பை 'ஓன்' நிலைக்கு மட்டும் திருப்பச் சொல்லி, பின் ஆசனத்தருகே காதை வைத்துக் கேட்டார். நல்ல பம்பானால் இரண்டு விநாடியளவு 'ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு பியூஸ், ரிலே, எர்த் வயர் எல்லாவற்றையும் பார்த்தார். பம்பின் வயரில் முழு வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்தார். அழுத்தமானியையும் பூட்டினார். இந்த வாகனத்துக்கு 44 முதல் 50 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் இருக்க வேண்டுமாம். முள் அதற்கு வெகு கீழே நின்றது. அதன் பிறகுதான் "பம்ப் மாற்ற வேண்டும் மௌலவி" என்றார். நூறு ரூபா ரிலே ஒன்று பழுதாகியிருக்க, பம்பையே மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லும் பாஸிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

பாஸ் பழைய பம்பைக் கழற்றி என் கையில் தந்து, "இதைக் கொண்டு போய், இதில் அடித்திருக்கும் நம்பருக்கு வாங்குங்கள்" என்றார். நான் செய்தது என்ன? வகுப்புக்கு நேரமாகிறது என்று பழைய பம்பை கராஜிலேயே விட்டுவிட்டு, தெரிந்த ஒரு கடைக்குப் போய், "வன் டூ வன்னுக்கு ஒரு பம்ப் தாங்க" என்று கேட்டேன். இரண்டு பெட்டிகள் வந்தன. இரண்டிலும் ஒரே பிரபல கம்பனியின் பெயர். ஒன்றின் விலை மற்றதில் மூன்றில் ஒரு பங்கு. "இதுவும் ஒரிஜினல்தான் ஹஸ்ரத், உங்களுக்குப் பொய் சொல்வேனா?" என்றார் கடைக்காரர். ஒரே கம்பனி, ஒரே சாமான், விலை மட்டும் ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. மலிவு என் வாயை அடைத்துவிட்டது.

பாஸ் பெட்டியைத் திறந்ததும் முகம் சுளித்தார். பெட்டியின் எழுத்து மங்கல், பம்பின் மீது இலக்கமே இல்லை, வாய்க்குழாயும் சற்று மெல்லியது. "திருப்பிக் கொடுத்துவிட்டு வாங்களேன்" என்றார். "பரவாயில்லை, பூட்டுங்கள்" என்றேன். சந்தேகமானதை விட்டு விலகுவது பற்றி அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் மிம்பரில் பேசியிருந்தேன்.

இரண்டு மாதம் ஓடியது. என் மாமிக்கு இருதயக் கிளினிக். கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவை ஏற்றத்தில், வளைவொன்றில் எஞ்சின் நின்றது. பின்னால் லொறிகள் ஹோர்ன் அடிக்கின்றன. மாமி பின் ஆசனத்தில் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு கலிமாவை ஓதிக் கொண்டிருக்கிறார். முக்கால் மணித்தியாலம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல் வாகனம் தானாக ஸ்டார்ட் ஆனது. சூடேறினால் நிற்கும், ஆறினால் ஓடும். மோட்டர் தளர்ந்த பம்பின் குணம் அதுவாம். கிளினிக் இலக்கம் போய்விட்டது. அடுத்த திகதி ஐந்து வாரம் தள்ளிக் கிடைத்தது. மாமி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

கடைக்குப் போனேன். கடைக்காரர் பில்லைத் திருப்பிக் காட்டினார். 'விற்ற பொருட்கள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தது.

சகோதரர்களே! இந்த வாசகம் இன்று நம் கடைகள் பலவற்றில் தொங்குகிறது. அது ஒரு கேடயம் என்று வியாபாரிகள் நினைக்கிறார்கள். நம் ஷாபிஈ மத்ஹபின் சட்டம் என்ன? விற்கும் போதே பொருளில் இருந்த குறை பின்னர் தெரிய வந்தால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. 'எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை' என்று நிபந்தனையிட்டு விற்றாலும், விற்றவர் அதனால் தப்ப மாட்டார். உயிருள்ள பிராணியில், விற்றவருக்கே தெரியாமல் உள்ளே மறைந்திருந்த குறைக்கு மட்டுமே அந்த நிபந்தனை செல்லும் என்பதே வலுவான கருத்து என்று நவவி இமாம் அவர்கள் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். பம்ப் பிராணியல்ல. விற்றவருக்குக் குறை தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தெரிந்து மறைத்திருந்தால் அது பாவம். தெரியாமல் விற்றிருந்தால் பாவமில்லை, ஆனால் உரிமை உரிமைதான்.

நம் நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது அதன் பொது விதி.

மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்ட போது விரல்கள் நனைந்ததையும், ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததையும் நாம் அறிவோம். முஸ்லிமில் பதிவான ஹதீஸ் அது. பிரபல கம்பனியின் பெயரை அச்சடித்த பெட்டிக்குள் வேறொன்றை வைப்பதற்கும், ஈரத்தானியத்துக்கு மேல் காய்ந்ததைக் கொட்டுவதற்கும் என்ன வித்தியாசம்? மாற்றுக் கம்பனிச் சாமான் விற்பது குற்றமல்ல. அவற்றில் நல்லவையும் உண்டு. 'இது ஒரிஜினல் அல்ல, விலை இவ்வளவு, இத்தனை நாள் பொறுப்பு' என்று சொல்லி விற்றால் அது ஹலாலான வியாபாரம்.

ஆனால் என் பக்கமும் சுத்தமில்லை. குறை தெரிந்ததும் தாமதிக்காமல் திருப்ப வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். தொழுது கொண்டிருந்தால் முடித்து விட்டு, இரவானால் விடிந்த பின் போகலாம், அவ்வளவுதான் அவகாசம். தெரிந்த பிறகும் உபயோகித்தால் உரிமை போய்விடும். பாஸ் சந்தேகம் சொன்ன அன்று, பூட்டாத பம்பைப் பெட்டியோடு கொண்டு போயிருந்தால் பிரச்சினையே இல்லை. கடைக்காரரிடம் இதையும் சேர்த்தே சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்து, பணத்தில் பாதியைத் தந்தார். கொழும்பிலிருந்து பெட்டியாகத்தான் தமக்கும் வந்தது என்றார். நான் வாதாடவில்லை.

இரண்டாவது முறை சரியாக வாங்கினோம். எப்படி என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். வாகனத்தின் பெயர் போதாது. ஒரே பெயரில் பல எஞ்சின்கள் வந்திருக்கின்றன. பதிவுச் சான்றிதழிலுள்ள செஸி இலக்கத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பழைய பம்பையும் கையோடு கொண்டு போங்கள். டொயோட்டாவின் சாமான் இலக்கத்தில் முதல் ஐந்து எண்கள் அது என்ன சாமான் என்றும், அடுத்த ஐந்து எண்கள் அதில் எந்த வகை என்றும் காட்டும். 23220 அல்லது 23221 என்று தொடங்கினால் பெற்றோல் பம்ப். மீதி ஐந்தும் பொருந்த வேண்டும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், வாய்க்குழாய், வயர் பூட்டும் இடம் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

கார்புரேட்டர் உள்ள பழைய வாகனமானால் கதையே வேறு. அதன் பம்ப் 3 முதல் 6 பி.எஸ்.ஐ. அளவில்தான் தள்ளும். பலமானது நல்லதுதானே என்று இஞ்செக்ஷன் வாகனத்தின் பம்பை அதற்குப் பூட்டினால், கார்புரேட்டரின் ஊசி தாங்காமல் பெற்றோல் வழியும். எஞ்சின் சூட்டில் வழியும் பெற்றோல் தீயை வரவழைக்கும். டிரெக்ட் இஞ்செக்ஷன் வாகனங்களிலோ இரண்டு பம்புகள். டாங்கிக்குள் ஒன்று, எஞ்சினோடு உயர் அழுத்தப் பம்ப் ஒன்று. எது பழுது என்று அறியாமல் விலை கூடியதை மாற்றிவிடாதீர்கள்.

புதிய பம்போடு அதன் அடியிலிருக்கும் வலையையும், ரப்பர் வளையத்தையும் மாற்றுங்கள். டாங்கியைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பழைய ஊத்தை புதிய பம்பையும் கொன்றுவிடும். உள்ளே குழாய் மாற்ற நேர்ந்தால் பெற்றோலில் அமிழ்ந்து கிடக்கவென்றே செய்த குழாய் வேண்டும். சாதாரண ரப்பர் ஊறிப் பிய்ந்து போகும். வேலை தொடங்கு முன் பம்பின் பியூஸைக் கழற்றி எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விட்டு அழுத்தத்தை இறக்கி, பெற்றரியின் நெகட்டிவ் வயரையும் கழற்ற வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. பிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள்.

இன்னுமொன்று. சாமானை பாஸ் மூலம் வாங்கினால் அவர் உங்கள் வகீல். கடையில் உங்களுக்குத் தெரியாமல் கமிஷன் எடுப்பது அமானிதத்தில் கை வைப்பது. எங்கள் பாஸ் முஸ்லிமல்ல. ஆனால் கடைக்காரர் கழித்துக் கொடுத்த ஐநூறு ரூபாவையும் பில்லோடு என்னிடம் நீட்டினார்.

அந்தப் போலிப் பம்பைக் கழற்றிய அன்று, கராஜில் வேலை பழகும் பையன் அதை பெற்றரியில் தொடுத்துப் பார்த்தான். ஆறியிருந்ததால் 'ம்ம்' என்று சுற்றியது. "ஹஸ்ரத், ஓடுது தானே? மூவாயிரத்துக்கு எடுக்க ஆள் இருக்கு, கொடுப்போமா?" என்று கேட்டான். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் மனம் கணக்குப் போட்டது. சூடேறினால் நிற்கும் என்று வாங்குபவரிடம் சொல்வாயா என்று கேட்டேன். "சொன்னா யாரு ஹஸ்ரத் எடுப்பாங்க?" என்றான். பம்பின் வயரை அடியோடு வெட்டி, பழைய இரும்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.