கவரத்தியின் குடிநீரும் நம் பிள்ளைகளின் ஆய்வுப் படிப்பும்

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் பிரதான சாலையில், மேடவாக்கம் தாண்டி, பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தாம்பரம் பகுதி மக்கள் அன்றாடம் பேருந்திலும் பைக்கிலும் கடந்து போகும் இடம்தான். ஆனால் லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் மக்கள் குடித்துவரும் தண்ணீருக்கும் இந்த வளாகத்துக்கும் உள்ள தொடர்பு நம்மில் பலருக்குத் தெரியாது.

லட்சத்தீவு நமக்கு அந்நியமான ஊரல்ல. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வாழும் 64 ஆயிரத்துச் சொச்சம் மக்களில் 96 சதவீதத்துக்கும் அதிகமானோர் முஸ்லிம்கள். அவை பவளத் தீவுகள். ஆறு கிடையாது. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்கும். கிணற்றில் கிடைப்பது அதுதான். மோட்டார் வைத்துச் சற்று அதிகமாக இறைத்துவிட்டால் உப்பு மேலேறிவிடும். சுற்றிலும் கடல் இருந்தும் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மழையை எதிர்பார்த்திருந்த மக்கள் அவர்கள்.

அங்கே நிறுவப்பட்ட நிலையம் செயல்படும் விதம் எளிமையானது. தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது நாம் வாழும் காற்றழுத்தத்துக்கான கணக்கு. ஒரு மூடிய கலனிலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தை வெகுவாகக் குறைத்துவிட்டால், 28 டிகிரியில் இருக்கும் சாதாரணக் கடல்நீரே அடுப்பில்லாமல் ஆவியாகும். உப்பு கீழே தங்கிவிடும். அந்த ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கக் குளிர்ச்சி வேண்டுமே? சுமார் 350 மீட்டர் ஆழத்தில் 12, 13 டிகிரியில் கடல்நீர் கிடைக்கிறது. நீண்ட குழாய் போட்டு அதை மேலே கொண்டுவந்து ஆவியைக் குளிர வைக்கிறார்கள். கவரத்தி நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர். 2011-ல் மினிக்காய், அகத்தி தீவுகளுக்கும் இதே வசதி கிடைத்தது. 2024 ஜனவரியில் கத்மத் தீவில் 1.5 லட்சம் லிட்டர் திறனுள்ள நிலையத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். செய்தித்தாளில் அன்று வந்தது திறப்பு விழாப் படம் மட்டுமே.

அந்தப் படத்துக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கடலின் மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்பதற்காகச் சென்னை ஐ.ஐ.டி.யில் 1980-களிலேயே ஒரு தனி ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. 1993-ல் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவானது. 1997-ல் ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தோடு கைகோத்து, தூத்துக்குடிக் கடலில் 1 மெகாவாட் மின்நிலையம் அமைக்கும் முயற்சி தொடங்கியது. குளிர்ந்த நீரை மேலே கொண்டுவர வேண்டிய நீண்ட குழாயை ஆழ்கடலில் நிறுவ முடியாமல், 2000-களின் தொடக்கத்தில் அந்த முயற்சி தோற்றது. பணமும் போயிற்று, உழைப்பும் போயிற்று. ஆனால் வெப்ப வேறுபாடு என்ற அதே அடிப்படையை வைத்துத்தான், மின்சாரத்துக்குப் பதிலாகக் குடிநீர் என்று இலக்கை மாற்றிக் கவரத்தியில் வென்றார்கள். ஐ.ஐ.டி.யின் ஆய்வுப் பிரிவிலிருந்து தீவின் குழாயடிக்கு வந்துசேர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. நடுவில் ஒரு பெரிய தோல்வி வேறு. தீவில் பம்புகளை ஓட்ட டீசல் ஜெனரேட்டரையே நம்பியிருக்கும் குறை இன்னும் தீரவில்லை. அதற்காகக் கடல் வெப்பத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் முயற்சியைக் கவரத்தியில் மறுபடி கையிலெடுத்திருக்கிறார்கள்.

‘லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் எங்கள் தெருவுக்கு இது ஏன் வரவில்லை?’ என்று ராஜகீழ்ப்பாக்கத்துக் குடும்பத்தலைவிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. லட்சத்தீவில் கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே ஆழ்கடல் வந்துவிடுகிறது. சென்னையில் அந்த ஆழத்துக்குப் பல கிலோமீட்டர் போக வேண்டும். 2007-ல் சென்னைக்கு 40 கிலோமீட்டர் தொலைவில், கடலில் மிதவையின் மீது நிலையம் அமைத்து நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் எடுத்துக் காட்டினார்கள்; அதை ஊருக்குள் கொண்டுவருவது வேறு கதை. எனவே நமக்கு நெம்மேலிதான். 2013-ல் 10 கோடி லிட்டர், 2024-ல் மேலும் 15 கோடி லிட்டர் என்று அங்கே கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பு நீக்குகிறார்கள்.

அந்தச் சவ்வும் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்ததே. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியரான சௌரிராஜனும் சேர்ந்து, நடைமுறைக்கு உதவும் முதல் சவ்வை உருவாக்கினார்கள். இன்று நம் சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் வித்திட்டது அதுதான். அதில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, ‘பிஎச்.டி. படித்து என்ன கிழிக்கப் போகிறாய்?’ என்று பிள்ளையிடம் கேட்பவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இத்தனை நீண்ட ஆய்வை வயிற்றைக் கட்டிக்கொண்டு செய்ய முடியாது. முழுநேர ஆய்வு மாணவருக்குக் குறைந்தது நான்கைந்து ஆண்டுகள் மாதாமாதம் உதவித்தொகை வேண்டும். சிறுபான்மை மாணவர்களுக்காக 2009-ல் மவ்லானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை தொடங்கப்பட்டது. 2014-15 முதல் 2021-22 வரை 6,722 பேர் இதற்குத் தேர்வானார்கள். 738.85 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. 2022 டிசம்பரில், அன்றைய ஒன்றிய அமைச்சர் ஸ்மிருதி இரானி, இந்தத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக மக்களவையில் தெரிவித்தார். வேறு பல உதவித்தொகைகள் சிறுபான்மையினருக்கும் திறந்திருக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம்.

இந்தக் காரணம் பலவீனமானது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வு உதவித்தொகை வாங்க முடியாது என்பது ஏற்கனவே உள்ள விதி. எனவே ‘ஒன்றின்மேல் ஒன்று’ என்பதால் எவரும் இரட்டிப்பாக வாங்கிவிடவில்லை. ஒரு வாசல் மூடப்பட்டது, அவ்வளவுதான். அதே சமயம், அமைச்சர் சொன்ன மற்ற வாசல்கள் பொய்யல்ல. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெறுவோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37 ஆயிரம் ரூபாய். தமிழகத்தின் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் சமூகங்கள் ஒன்றிய ஓ.பி.சி. பட்டியலில் இருப்பதால் அந்தப் பிரிவின் உதவித்தொகைக்கும் கிரீமி லேயர் வரம்புக்கு உட்பட்டோர் போட்டியிடலாம். கண்டன அறிக்கை விட்ட நம் அமைப்புகளில் எத்தனை, அதன் பிறகு ஒரு நெட் பயிற்சி வகுப்பு நடத்தின?

நம் ஜமாஅத்துகளின் கல்வி உதவியையும் பாருங்கள். பெரும்பாலும் முதல் பட்டத்தோடு முடிந்துவிடும். பி.இ. முடித்தவன் சம்பாதிக்க வேண்டியவன் என்பது பொதுக் கணக்கு. வளைகுடாவில் வேலை, அக்காவின் திருமணம், வீட்டுக் கடன் என்று அவன் தலையில் பொறுப்பு ஏறும். இந்த நெருக்கடியை நாம் குறை சொல்லவில்லை. பெண்பிள்ளைகளுக்கோ ஆய்வு செய்யும் வயதும் நிக்காஹ் பேசும் வயதும் ஒன்றாக வந்து நிற்கின்றன. தாம்பரத்தைச் சுற்றியுள்ள குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு: குரோம்பேட்டை எம்.ஐ.டி., கிண்டி அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி., வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் ஹாஜியார் 1984-ல் தொடங்கிய கிரசென்ட் எல்லாமே வீட்டிலிருந்து போய்வரும் தூரம். விடுதியில் விட மனமில்லை என்ற காரணம் இங்கே செல்லாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரக் கட்டணம் இல்லாமல் நின்ற ராமேஸ்வரத்துப் பிள்ளைக்காக அவருடைய சகோதரி தம் நகைகளை அடகு வைத்தார். அப்துல் கலாமே பதிவு செய்திருக்கும் செய்தி இது.

ஸகாத்தை ஆய்வு மாணவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில், நிஸாப் அளவு பொருள் இல்லாத ஏழை என்றால் அவர் உழைக்க முடிந்தவராக இருந்தாலும் வாங்கத் தகுதியுண்டு. ஷாஃபிஈ நூல்களில், சம்பாதிக்கப் போனால் கல்வி தடைப்படும் என்ற நிலையிலுள்ள மாணவருக்கு இடமளிக்கப்பட்டிருக்கிறது. அது மார்க்கக் கல்வி பயில்வோரைக் குறித்த சட்டம் என்பதால், பிற துறைகளுக்கு அதை நீட்டுவதில் உலமாக்களிடையே பேச்சு உண்டு. மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் அணுகுமுறையை முன்வைத்து நீட்டலாம் என்போரின் கருத்தே நமக்குச் சரியெனப் படுகிறது. ஐயம் உள்ளவர்களுக்கு ஸதகாவும் வக்ஃபும் இருக்கின்றன. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி உஸ்மான் (ரழி) அவர்கள் பொதுவாக்கியதை பயான்களில் சொல்கிறோம். ஒரு மஹல்லாவின் கடைவாடகை வருமானத்தில் ஒரே ஒரு ஆய்வு மாணவரை ஐந்து ஆண்டுகள் தாங்குவதும் அந்த வரிசையில் வைக்கத் தக்கதே.

நெட் தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. பொறியியல் முதுகலைக்கான கேட் தேர்வு பிப்ரவரியில். அதற்கான விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இறுதியாண்டு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், வளைகுடா விசா பேசும் முன் இந்தத் தேதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.