புற்றுநோய்க்கு உள்நாட்டுச் சிகிச்சை: விலை குறைந்தும் எட்டாக் கனியா?

புது தில்லி: வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத ரத்தப் புற்றுநோய்க்கு உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட "கார்-டி செல்" சிகிச்சை, முதற்கட்டச் சோதனைகளைக் கடந்து பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆனால், அதற்கான செலவை ஏற்பது யார் என்ற கேள்விக்கு மத்திய அரசு இன்னும் தெளிவாக விடையளிக்க வேண்டியுள்ளது.

நோயாளியின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பணியாற்றும் "டி" செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோய்ச் செல்களை அடையாளம் கண்டு அழிக்கும் வகையில் அவற்றில் மரபணு மாற்றம் செய்து, மீண்டும் உடலில் செலுத்துவதே இச்சிகிச்சை. அமெரிக்காவில் 2017-இல் இவ்வகைச் சிகிச்சை முதன்முதலாக அனுமதிக்கப்பட்டபோது அதன் விலை 4.75 லட்சம் டாலர்.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய "நெக்ஸ்கார்-19", 2021 ஜூன் மாதம் நவி மும்பையில் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. சோதனைக்கு மத்திய அரசின் தேசிய உயிரி மருந்து இயக்கம் ரூ.19.15 கோடி ஒதுக்கியது. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இச்சிகிச்சையைத் தொடக்கிவைத்தார்.

சோதனையில் பங்கேற்ற 64 பேரில், பலனை மதிப்பிட முடிந்தவர்களில் 73 சதவீதத்தினரிடம் நோய் கட்டுப்பட்டதாக 2025-இல் "லான்செட் ஹீமட்டாலஜி" இதழில் வெளியான ஆய்வறிக்கை கூறுகிறது. நம்பிக்கை தரும் முடிவுதான். எனினும், 64 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பலருக்கு ரத்த அணுக்கள் வெகுவாகக் குறைந்தன. பலன் எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்பதை நீண்டகாலக் கண்காணிப்பே உறுதிப்படுத்தும். மேலும், 2023-இல் வழங்கப்பட்ட அனுமதி 15 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. இச்சிகிச்சை குறிவைக்கும் ரத்தப் புற்றுநோய் வகைகளில் ஒன்றோ சிறுவர்களையே அதிகம் தாக்குகிறது என்பது கவனிக்கத்தக்கது.

அறிமுகத்தின்போது இதன் விலை ரூ.30 லட்சம் முதல் ரூ.40 லட்சம் வரை எனக் கூறப்பட்டது. அமெரிக்க விலையில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆனால், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் காப்பீடு ரூ.5 லட்சம் மட்டுமே. மீதித் தொகைக்கு நிலத்தை விற்பதா, கடன் வாங்குவதா என்று சாமானியக் குடும்பங்கள் தவிக்க நேரிடும்.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கு ரூ.50 லட்சம் வரை உதவி வழங்க 2022-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆகவே, முன்னுதாரணம் இல்லை என்று கூற இயலாது. மக்கள் வரிப்பணத்தின் துணையோடு வளர்ந்த சிகிச்சை வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே கிடைக்குமானால், அந்தச் சாதனை பாதி வழியில் நின்றதாகவே பொருள்.