பூத்துக் குலுங்குற செடியை வாங்காதீங்க!

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஏகப்பட்ட ஆணி. பதிவு பக்கம் தலைவெச்சுக்கூட படுக்க முடியலை. இன்னிக்கு எப்படியாவது எழுதியே ஆகணும்னு உட்கார வெச்சது நம்ம டீம் நண்பர் ஒருத்தர். புது வீட்டுக்குக் குடி போன கையோட நர்சரிக்குப் போய் நாலாயிரம் ரூபாய்க்குச் செடி வாங்கி, போட்டோ அனுப்பியிருந்தார். பெட்டூனியா, டேலியா, சாமந்தி. கலர் கண்ணைப் பறிக்குது. "சூப்பர் தல"ன்னு பதில் போட்டுட்டேன். மனசுக்குள்ள மட்டும் "ஏப்ரல்ல இதே இடத்துல சந்திப்போம்"னு நெனச்சுக்கிட்டேன்.

அவர்கிட்ட சொல்ல தைரியம் வரலை. அதான் உங்ககிட்ட சொல்றேன் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அப்பா தவறினதுக்கு அப்புறம் தாம்பரம் பக்கத்துல இருக்கற எங்க வீட்டுல பகல் முழுக்க அம்மா மட்டும்தான். நான் காலையில போனா ராத்திரிதான் வருவேன். பூஜைக்குப் பூ வாங்கிட்டு வர்றது அப்பா வேலை. அவர் போனதும் அதுவும் நின்னு போச்சு. சரி, வீட்டுலயே பூச்செடி வெச்சா அம்மாவுக்குப் பொழுதும் போகும், பூவும் ஆச்சுன்னு ஒரு ஜனவரி மாசம் நர்சரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வாங்கினது என்ன? அதே பெட்டூனியா, அதே டேலியா, அதே சாமந்தி. எது நிறைய பூத்திருக்கோ அதைத்தானே கை காட்டுவோம்!

சித்திரை பொறக்கறதுக்குள்ள ஒண்ணொண்ணா போச்சு. சாமந்தி மட்டும் பூவே இல்லாம குச்சியா நின்னுச்சு. அம்மா காலி தொட்டியைக் கவுத்து வெச்சுட்டு, "என் கைக்கு எதுவுமே நிலைக்காதுடா"ன்னாங்க. செடியை மட்டும் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்.

அன்னிக்கு ராத்திரிதான் உட்கார்ந்து படிச்சேன். தப்பு அம்மா கையில இல்லை. பெட்டூனியாவும் டேலியாவும் சென்னையில குளிர் மாசத்தோட சரி, நம்ம வெயிலுக்குத் தாங்காது. சாமந்தி பல வருஷம் வாழற செடிதான், ஆனா ராத்திரி நீளமா இருக்கற காலத்துலதான் மொட்டு விடும். நாம தண்ணி ஊத்தினாலும் ஊத்தாட்டியும் கதை இதேதான். நர்சரில நாம பார்க்கறது டெமோ. டெமோல ஓடுறதெல்லாம் ப்ரொடக்ஷன்ல ஓடாதுன்னு நமக்குத் தெரியாதா என்ன?

அதனால என் கட்சி இதுதான்: முதல் வருஷம் தோட்டம் போடறவங்க பருவச் செடியைத் தொடவே கூடாது. வருஷம் முழுக்க, பல வருஷம் பூக்கறதை மட்டும் வாங்கணும். அழகெல்லாம் அப்புறம். முதல்ல "நம்ம கைக்கும் வளரும்"ங்கற நம்பிக்கை வரணும். அது போச்சுன்னா தோட்டமே போச்சு.

எங்க வீட்டுல ஜெயிச்ச டீம் இது:

நந்தியாவட்டை: கேப்டன். வெயில் கொஞ்சம் குறைஞ்ச இடத்துலயும் பூக்கும். பூஜைக்குத் தினமும் ஒரு கை கிடைக்கும்.

செம்பருத்தி: சாதாரண நாட்டு சிவப்பு ஒத்தைச் செம்பருத்தி. ஒரு பூவுக்கு ஆயுசு ஒரே நாள்தான், ஆனா மறுநாளே அடுத்தது. கலர் கலரா இருக்கற ஒட்டு ரகம் ரெண்டாவது வருஷம் பார்த்துக்கலாம். மாவுப்பூச்சி வரும். தண்ணியை வேகமா அடிச்சுக் கழுவிட்டு, வேப்பெண்ணெயும் சோப்பும் கரைச்சுத் தெளிங்க.

இட்லிப்பூ: சங்கப் பாட்டுல வர்ற வெட்சிதான் இது. ஒரு கொத்து வாரக்கணக்குல நிக்கும். உப்புத் தண்ணி போர்வெல்னா இலை மஞ்சளாகும், மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துங்க.

காகிதப்பூ: நல்ல வெயில், குறைச்சலான தண்ணி. பாசமா தண்ணி ஊத்தினா இலையா விட்டுக் கடுப்பேத்தும்.

செம்பருத்தியும் இட்லிப்பூவும் புதுத் தளிர் நுனியிலதான் பூக்கும். அதனால கத்தரிக்கப் பயப்படாதீங்க. யூரியா மாதிரி தழைச்சத்தை அள்ளிப் போட்டா பச்சைப்பசேல்னு இருக்கும், பூ மட்டும் இருக்காது.

மல்லியை விட்டுட்டியேன்னு சண்டைக்கு வராதீங்க. மல்லி கோடைக்காரி. நவம்பர் கடைசியில கவாத்து பண்ணினா மார்ச்லேர்ந்து கொட்டும், அப்புறம் லீவு. ரெண்டாவது வருஷம் வாங்குங்க. அரளி வருஷம் முழுக்கப் பூக்கும்தான், ஆனா இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். கேரளாவுல திருவிதாங்கூர் தேவசம் போர்டு 2024ல நிவேதனத்துல அரளியே வேண்டாம்னு சொல்லிடுச்சு. குழந்தையோ நாயோ இருக்கற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

கடைசியா, எங்க வீட்டுல பஞ்சாயத்து ஆன செடி: நித்தியகல்யாணி. பேர்லயே டாக்குமெண்டேஷன் இருக்கு பாருங்க, நித்தியமும் பூ. தண்ணி தேங்கினா மட்டும் வேர் அழுகிடும். வேற தொந்தரவே கிடையாது, விதை விழுந்து தானா முளைக்கும். நான் ரெண்டு தொட்டி வாங்கிட்டு வந்த அன்னிக்குப் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்னடா இது, சுடுகாட்டுப் பூவைப் போய் வாசல்ல வெக்கறே? அதுவும் இந்த நேரத்துல?"ன்னாங்க. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. திருப்பிக் கொண்டு போய்க் குடுத்துடலாம்னுகூட நெனச்சேன்.

அம்மாதான் நிதானமா சொன்னாங்க: "சுடுகாட்டுல யார் தண்ணி ஊத்தறா? அங்கயும் பூக்குதுன்னா அது கெட்டிக்காரச் செடிதானே. இருக்கட்டும்டா."

இதே செடியோட இலையிலேர்ந்துதான் வின்கிறிஸ்டின்னு ஒரு மருந்து எடுக்கறாங்க, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைங்களுக்குக் குடுக்கறது. (அதுக்காக இலையைப் பறிச்சுக் கஷாயம் வெச்சுடாதீங்க சாமி, அதுவும் விஷம்தான்.) இதை மாமிகிட்ட சொன்னேன். "அப்படியா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்க வாசல்ல இன்னும் வெக்கலை.

எங்க வீட்டுல இப்ப ரெண்டு தொட்டி பதினோரு தொட்டியா ஆகியிருக்கு. காலையில நான் வண்டி எடுக்கும்போது அம்மா பூக்கூடையோட நின்னு இன்னிக்கு எத்தனை பூன்னு கணக்கு சொல்றாங்க. "என் கைக்கு நிலைக்காது"ங்கற பேச்சு அதுக்கப்புறம் நான் கேக்கலை.

உங்க ஊர்ல, உங்க வெயில்ல வருஷம் முழுக்கப் பூக்கற செடி எதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. கோயம்புத்தூர், ஊட்டிக்காரங்க டேலியா போட்டோ போட்டு வெறுப்பேத்த வேண்டாம் :-)

டிஸ்கி: இந்தப் பதிவை அந்த நண்பருக்கும் அனுப்பியாச்சு. "என் டேலியா நல்லாத்தான் இருக்கு, பொறாமைப்படாதே"ன்னு பதில் வந்திருக்கு. மே மாசம் ஒரு நந்தியாவட்டைக் கன்னோட போய்ப் பார்க்கறேன்.